குறைந்த விலை வெப்பக் கேமரா மாட்யூல்களும் பிரிதிறனும்

வெப்பக் கேமரா மாட்யூல் என்பது பொருள்கள் தம் வெப்பநிலைக்கேற்ப வெளியிடும் அகச்சிவப்புக் கதிர்களை உணர்ந்து, அவற்றைப் படமாகவோ வெப்பநிலை எண்களின் அட்டவணையாகவோ தரும் சிறிய மின்னணுச் சாதனம் ஆகும். ஒரு காலத்தில் இராணுவத்திடமும் பெரிய ஆலைகளிடமும் மட்டுமே இருந்த இத்தொழில்நுட்பம், இன்று அர்டுயினோ, ராஸ்பெரி பை போன்ற பலகைகளோடு இணைக்கத்தக்க மாட்யூல்களாகவும் கைப்பேசியில் செருகும் கருவிகளாகவும் கிடைக்கிறது. மாணவர் செயல்திட்டங்கள், மின்னணுப் பழுதுபார்ப்பு, மின் பலகைகளின் பராமரிப்பு, கட்டடங்களில் நீர்க்கசிவைத் தேடுதல், அறையில் ஆள் இருப்பதை அறிதல் எனப் பல வேலைகளுக்கு இவை பயன்படுகின்றன.

விலையைக் குறைப்பதற்காக இந்த மாட்யூல்களில் முதலில் குறைக்கப்படுவது பிரிதிறன், அதாவது படத்திலுள்ள படவணுக்களின் எண்ணிக்கை. பிக்சல் என்று வழங்கப்படும் படவணு சாதாரணக் கேமராவில் குறைந்தால் படம் மங்கலாகும், அவ்வளவுதான். வெப்பக் கேமராவில் அதைவிடப் பெரிய விளைவு ஒன்று உண்டு. சிறிய சூடான புள்ளியின் வெப்பநிலையே குறைவாகக் காட்டப்படும். 80 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய ஒரு மின்னிணைப்பை, குறைந்த பிரிதிறன் கொண்ட மாட்யூல் 38 டிகிரி என்று காட்டக்கூடும். கருவி பழுதாகவில்லை, பிழைச் செய்தி எதுவும் வராது. படத்தைப் பார்ப்பவர் இணைப்பு நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுவார். ஆகவே பிரிதிறனைப் புரிந்துகொள்வது படத்தின் அழகு பற்றியது மட்டுமன்று, அளவீட்டின் நம்பகத்தன்மை பற்றியதும் ஆகும்.

வரலாறு

1800 ஆம் ஆண்டில் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல், சூரிய ஒளியை முப்பட்டகத்தால் நிறங்களாகப் பிரித்து ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்திலும் வெப்பமானி ஏறியது. அகச்சிவப்புக் கதிர் கண்டறியப்பட்டது இவ்வாறுதான். 1880 வாக்கில் அமெரிக்க அறிவியலாளர் சாமுவேல் லாங்லி போலோமீட்டர் என்ற கருவியை உருவாக்கினார். மெல்லிய உலோகப் பட்டை ஒன்று கதிர் பட்டுச் சூடாகும்போது அதன் மின்தடை மாறும். அந்த மாற்றத்தை அளந்தால் கதிரின் வலிமை தெரியும். இன்றைய வெப்பக் கேமராக்களில் பெரும்பாலானவை இதே கொள்கையில்தான் இயங்குகின்றன.

தொடக்ககால வெப்பக் கேமராக்களின் உணரிகளை மிகக் குறைந்த வெப்பநிலைக்குக் குளிர்விக்க வேண்டியிருந்தது. அதனால் அவை பெரியவையாகவும் விலை மிகுந்தவையாகவும் இருந்தன. 1980களில் அமெரிக்க இராணுவத்தின் நிதியுதவியோடு ஹனிவெல் நிறுவனம் வனேடியம் ஆக்சைடால் ஆன மைக்ரோபோலோமீட்டர் உணரிகளை உருவாக்கியது. அறை வெப்பநிலையிலேயே இயங்கும் இந்த உணரிகள் பற்றிய இரகசியக் கட்டுப்பாடு 1992 இல் நீக்கப்பட்டது. அதன்பின் தீயணைப்பு, ஆலைப் பராமரிப்பு போன்ற துறைகளுக்கு வெப்பக் கேமரா வந்தது. 2014 இல் ஃபிளிர் ஒன், சீக் தெர்மல் ஆகிய கைப்பேசிக் கருவிகளும், ஃபிளிர் நிறுவனத்தின் லெப்டான் என்ற மிகச் சிறிய மாட்யூலும் வெளிவந்தன. தனிமனிதர் வாங்கிப் பயன்படுத்தும் காலம் அதிலிருந்து தொடங்கியது எனலாம்.

செயல்படும் விதம்

எல்லாப் பொருள்களும் தம் வெப்பநிலைக்கேற்ப மின்காந்தக் கதிர்களை வெளியிடுகின்றன. வியன் இடப்பெயர்ச்சி விதிப்படி, வெப்பநிலை கூடக் கூட அதிக வலிமையுள்ள கதிரின் அலைநீளம் குறையும். சூரியனின் கதிர்வீச்சு கண்ணுக்குத் தெரியும் ஒளிப்பகுதியில் உச்சம் பெறுகிறது. அறை வெப்பநிலையிலுள்ள பொருள்களுக்கும் மனித உடலுக்கும் இந்த உச்சம் ஏறத்தாழ 9 முதல் 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் அமைகிறது. காற்று மண்டலம் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான கதிர்களைப் பெருமளவு தடையின்றிக் கடந்துசெல்ல விடுகிறது. எனவே குறைந்த விலை வெப்பக் கேமராக்கள் பெரும்பாலும் இந்தப் பகுதியிலேயே செயல்படுகின்றன.

இவற்றில் இரண்டு வகை உணரிகள் பயன்படுகின்றன.

தெர்மோபைல் வகையில், ஒவ்வொரு படவணுவும் பல வெப்ப மின்னிரட்டைகளை வரிசையாக இணைத்த அமைப்பாகும். கதிர் பட்டுச் சூடாகும் முனைக்கும் குளிர்ந்த முனைக்கும் உள்ள வேறுபாடு ஒரு சிறு மின்னழுத்தத்தைத் தருகிறது. இதன் அமைப்பு எளியது, விலை குறைவு. ஆனால் ஒவ்வொரு படவணுவும் அதிக இடம் எடுப்பதால் எண்ணிக்கையை மிக அதிகமாக்க முடியாது.

மைக்ரோபோலோமீட்டர் வகையில், ஒவ்வொரு படவணுவும் சிலிக்கான் தளத்தின் மேல் மெல்லிய கால்களில் தாங்கி நிற்கும் ஒரு சிறு படலம் ஆகும். சூடாகும்போது படலத்தின் மின்தடை மாறுகிறது. வெப்பம் காற்று வழியாகக் கசியாதிருக்க உணரி வெற்றிடத்தில் அடைக்கப்படுகிறது. 12 மைக்ரோமீட்டர் அளவுக்குச் சிறிய படவணுக்களை இம்முறையில் செய்ய முடிகிறது. இவ்வகைக் கேமராக்கள் பலவற்றில் அவ்வப்போது 'டிக்' என்ற ஒலியுடன் படம் ஒரு கணம் உறைவதைக் காணலாம். உட்புறத்திலுள்ள சிறு மூடி உணரியை மறைத்து, எல்லாப் படவணுக்களையும் ஒரே வெப்பநிலையைப் பார்க்கச் செய்து, அவற்றுக்கிடையே தோன்றியிருக்கும் வேறுபாட்டைச் சரிசெய்வதே இதற்குக் காரணம்.

பிரிதிறன் ஏன் விலை உயர்ந்தது?

கைப்பேசிக் கேமராவில் கோடிக்கணக்கான படவணுக்கள் இருக்கும்போது, அதைவிட விலை கூடிய வெப்பக் கேமராவில் ஏன் சில ஆயிரம் மட்டுமே இருக்கின்றன என்ற கேள்வி இயல்பாக எழும். இதற்கு முதன்மையான காரணம் அலைநீளம்.

எந்த வில்லையும் ஒரு புள்ளியைப் புள்ளியாகவே குவிப்பதில்லை. விளிம்பு விளைவினால் அது ஒரு சிறு வட்டமாகப் படியும். அவ்வட்டத்தின் விட்டம் அலைநீளத்தையும் வில்லையின் எஃப் எண்ணையும் 2.44 ஆல் பெருக்கினால் கிடைக்கும். 0.55 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளிக்கு, எஃப் எண் 2 கொண்ட வில்லையில் இது ஏறத்தாழ 2.7 மைக்ரோமீட்டர். 10 மைக்ரோமீட்டர் அகச்சிவப்புக் கதிருக்கு, எஃப் எண் 1 கொண்ட நல்ல வில்லையிலும் இது 24 மைக்ரோமீட்டரைத் தாண்டுகிறது. ஆகவே வெப்பக் கேமராவின் படவணுவை 12 மைக்ரோமீட்டருக்குக் கீழே வெகுவாகச் சிறிதாக்கினாலும் படத்தில் புதிய விவரம் அவ்வளவாகச் சேராது.

படவணுவைச் சிறிதாக்க முடியாவிட்டால், எண்ணிக்கையைக் கூட்ட உணரியையே பெரிதாக்க வேண்டும். 12 மைக்ரோமீட்டர் படவணுக்கள் கொண்ட 160×120 உணரியின் அகலம் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதே வகையில் 640×480 உணரி 7.7 மில்லிமீட்டர் அகலமும் 16 மடங்கு பரப்பும் கொண்டிருக்கும். பரப்பு கூடினால் ஒரு சிலிக்கான் வட்டிலிருந்து கிடைக்கும் உணரிகளின் எண்ணிக்கை குறையும். பழுதுள்ளவை கழிந்துபோகும் விகிதமும் உயரும். வில்லையும் பெரிதாக வேண்டும்.

வில்லையும் சாதாரணக் கண்ணாடியால் ஆனதன்று. சாதாரணக் கண்ணாடி 8 முதல் 14 மைக்ரோமீட்டர் கதிர்களைக் கடத்தாது. வெப்பக் கேமராவை ஜன்னல் கண்ணாடியை நோக்கிப் பிடித்தால் வெளியே இருப்பது தெரிவதில்லை. கண்ணாடியின் வெப்பமும் அதில் பிரதிபலிக்கும் ஆளின் உருவமுமே தெரியும். எனவே ஜெர்மானியம், சிலிக்கான், சால்கோஜனைடு கண்ணாடி போன்றவற்றால் வில்லைகள் செய்யப்படுகின்றன. ஜெர்மானியம் அரிய தனிமம். 2023 இல் சீனா அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. லெப்டான் போன்ற சிறிய மாட்யூல்கள் விலை குறைவான சிலிக்கான் வில்லையைப் பயன்படுத்துகின்றன.

சில சமயம் பிரிதிறன் வன்பொருளால் அல்லாமல் விற்பனை முறையால் கட்டுப்படுத்தப்படுவதும் உண்டு. 2013 இல் வெளியான ஃபிளிர் ஈ4 என்ற கைக்கேமரா 80×60 பிரிதிறன் கொண்டதாக விற்கப்பட்டது. அதன் உள்ளே இருந்த உணரி, விலை கூடிய ஈ8 மாதிரியில் இருந்ததைப் போலவே 320×240 படவணுக்கள் கொண்டது என்பதையும், மென்பொருளே அதைக் குறைத்துக் காட்டியது என்பதையும் மின்னணு ஆர்வலர்கள் கண்டறிந்தனர்.

பரவலாகப் பயன்படும் மாட்யூல்கள்

பிரிதிறனைப் படவணு எண்ணிக்கையாக மட்டும் பார்ப்பது போதாது. அந்தப் படவணுக்கள் எவ்வளவு அகலமான காட்சியில் பரப்பப்படுகின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பார்வைக் கோணத்தை அகலவாக்கிலுள்ள படவணு எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு படவணு பார்க்கும் கோணம் கிடைக்கும். அதிலிருந்து 1 மீட்டர் தொலைவில் ஒரு படவணு எவ்வளவு அகலத்தைப் பார்க்கிறது என்று கணக்கிடலாம்.

- பானாசோனிக் கிரிட்-ஐ ஏஎம்ஜி8833: 8×8 படவணுக்கள், 60 பாகைப் பார்வைக் கோணம். 1 மீட்டரில் ஒரு படவணுவின் அகலம் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர்.
- மெலெக்சிஸ் எம்எல்எக்ஸ்90640, அகலக் கோண வகை: 32×24 படவணுக்கள், 110×75 பாகை. 1 மீட்டரில் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர்.
- மெலெக்சிஸ் எம்எல்எக்ஸ்90640, குறுகிய கோண வகை: 32×24 படவணுக்கள், 55×35 பாகை. 1 மீட்டரில் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர்.
- லெப்டான் 2.5: 80×60 படவணுக்கள், ஏறத்தாழ 50 பாகை. 1 மீட்டரில் ஏறத்தாழ 1.1 சென்டிமீட்டர்.
- லெப்டான் 3.5: 160×120 படவணுக்கள், 57 பாகை. 1 மீட்டரில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர்.
- கைப்பேசியில் செருகும் 256×192 வகைக் கருவிகள், 56 பாகை அளவுள்ள வில்லையுடன்: 1 மீட்டரில் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர்.

இவற்றில் முதல் மூன்றும் தெர்மோபைல் வகை. மற்றவை மைக்ரோபோலோமீட்டர் வகை. தொலைவு இரு மடங்கானால் படவணுவின் அகலமும் இரு மடங்காகும். எம்எல்எக்ஸ்90640 மாட்யூலின் இரு வகைகளிலும் உணரி ஒன்றே. வில்லை மட்டும் மாறுவதால், ஒன்று பரந்த இடத்தை மேலோட்டமாகப் பார்க்கிறது; மற்றொன்று சிறிய இடத்தைச் சற்று நுணுக்கமாகப் பார்க்கிறது.

சூடான புள்ளி ஏன் குளிர்ந்து தெரிகிறது?

ஒரு படவணு தன் பார்வைக்குள் வரும் பரப்பு முழுவதிலிருந்தும் கதிரைப் பெற்று, அதை ஒரே எண்ணாக மாற்றுகிறது. அப்பரப்பில் சூடான பகுதியும் குளிர்ந்த பகுதியும் கலந்திருந்தால், கிடைப்பது இரண்டின் சராசரியை ஒட்டிய மதிப்பே.

ஒரு மின் பலகையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதில் ஒரு டெர்மினல் திருகு சரியாக இறுக்கப்படாமல் இருக்கிறது. இத்தகைய லூஸ் கனெக்‌ஷனில் மின்தடை கூடி அந்த இடம் சூடாகும். சூடான பகுதி 1 சென்டிமீட்டர் நீளமும் 1 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது, அதன் வெப்பநிலை 80 டிகிரி, சுற்றியுள்ள பகுதி 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். குறுகிய கோண எம்எல்எக்ஸ்90640 மாட்யூலை 1 மீட்டர் தொலைவில் பிடித்தால், ஒரு படவணு பார்க்கும் பரப்பு ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் அகலமும் 2.5 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது, அதாவது 7.6 சதுர சென்டிமீட்டர். அதில் சூடான பகுதி 13 விழுக்காடு மட்டுமே. மீதி 87 விழுக்காடு 30 டிகிரியில் இருப்பதால், கதிர்வீச்சின் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால் அந்தப் படவணு காட்டும் மதிப்பு 38 டிகிரியை ஒட்டியே இருக்கும். சூடான பகுதி இரண்டு அல்லது நான்கு படவணுக்களின் எல்லையில் விழுந்தால் இன்னும் குறைவாகக் காட்டும்.

அதே மாட்யூலை 10 சென்டிமீட்டர் தொலைவுக்குக் கொண்டுவந்தால் ஒரு படவணுவின் அகலம் 3 மில்லிமீட்டராகும். அப்போது சூடான பகுதி மூன்று படவணுக்களுக்கு மேல் நிரப்பும். உண்மையான வெப்பநிலைக்கு நெருங்கிய மதிப்பு கிடைக்கும். ஆனால் மின்னோட்டம் உள்ள பலகைக்கு அவ்வளவு அருகில் கையைக் கொண்டுசெல்வது ஆபத்தானது. குறைந்த பிரிதிறன் கருவி மின் பலகை வேலைக்குப் பொருந்தாமல் போவதற்குக் காரணம் இதுதான்: அது சரியாக அளக்கும் தொலைவு பாதுகாப்பான தொலைவாக இருப்பதில்லை. லெப்டான் 3.5 வகை மாட்யூல் அதே அளவுள்ள பகுதியை ஏறத்தாழ அரை மீட்டர் தொலைவிலிருந்தே மூன்று படவணுக்களில் நிரப்பிப் பார்க்கும்.

நடைமுறையில், அளக்க வேண்டிய பகுதி குறைந்தது 3×3 படவணுக்களை நிரப்ப வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. வில்லை முழுமையான கூர்மையோடு குவிக்காததால், ஒரு படவணுவை மட்டும் சரியாக நிரப்பும் பொருளின் கதிர் பக்கத்துப் படவணுக்களிலும் சிந்துகிறது. நடுப் படவணு முழுவதும் அந்தப் பொருளையே பார்க்கிறது என்று உறுதியாகச் சொல்ல, அதைச் சுற்றிலும் ஒரு படவணு அளவு இடம் தேவைப்படுகிறது.

நிறங்களும் ஏமாற்றக்கூடியவை. பெரும்பாலான மென்பொருள்கள் காட்சியிலுள்ள மிகக் குறைந்த வெப்பநிலைக்கு நீலத்தையும் மிகக் கூடிய வெப்பநிலைக்குச் சிவப்பையும் தாமாகவே ஒதுக்குகின்றன. காட்சி முழுவதும் 30 முதல் 33 டிகிரிக்குள் இருந்தாலும் ஓர் இடம் சிவப்பாகவே தெரியும். எனவே நிறத்தைவிட எண்ணையும், எண்ணைவிட அந்த எண் எத்தனை படவணுக்களிலிருந்து வந்தது என்பதையும் பார்ப்பது நல்லது.

கண்டறிதலும் அடையாளம் காணுதலும்

வெப்பநிலையை அளக்காமல், ஒன்று இருக்கிறதா இல்லையா என்று பார்க்க மட்டும் வேண்டுமானால் தேவை வேறாகும். 1958 இல் ஜான் ஜான்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர், இரவுப் பார்வைக் கருவிகளுக்காக வகுத்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. அதைப் படவணுக்களாக மாற்றினால், பொருளின் குறுகிய பக்கத்தில் ஏறத்தாழ 2 படவணுக்கள் விழுந்தால் ஏதோ ஒன்று இருக்கிறது என்று கண்டறியலாம். 8 படவணுக்கள் விழுந்தால் அது ஆளா, விலங்கா, வண்டியா என்று பிரித்தறியலாம். திட்டவட்டமாக அடையாளம் காண 13 படவணுக்கள் வேண்டும்.

அரை மீட்டர் அகலமுள்ள மனித உருவத்துக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். குறுகிய கோண எம்எல்எக்ஸ்90640 மாட்யூல் 8 மீட்டர் வரை கண்டறியும். 2 மீட்டருக்குள் வந்தால்தான் மனிதர் என்று பிரித்தறிய முடியும். லெப்டான் 3.5 மாட்யூலுக்கு இத்தொலைவுகள் முறையே 40 மீட்டரும் 10 மீட்டரும் ஆகும். இந்தக் கணக்கு வழிகாட்டி மட்டுமே. உருவத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெப்ப வேறுபாடு குறைந்தால் தொலைவும் குறையும். கோடைப் பகலில் தரையும் சுவரும் உடல் வெப்பநிலையை நெருங்கும்போது, நல்ல பிரிதிறன் இருந்தும் மனித உருவம் பின்னணியில் கரைந்துபோகலாம்.

வேகம், இரைச்சல், நினைவகம்

படவணு எண்ணிக்கையைத் தவிர வேறு சில அளவுகளும் ஒன்றையொன்று பாதிக்கின்றன.

வெப்ப உணர்திறன் என்பது கருவி பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய வெப்பநிலை வேறுபாடு. லெப்டான் மாட்யூல்களில் இது 0.05 டிகிரிக்கும் குறைவு. எம்எல்எக்ஸ்90640 மாட்யூலில், நொடிக்கு ஒரு முறை படிக்கும்போது 0.1 டிகிரி அளவு. அதை நொடிக்கு 64 முறை வரை படிக்கச் செய்ய முடியும். ஆனால் வேகம் கூடினால் ஒவ்வொரு படவணுவும் கதிரைச் சேகரிக்கும் நேரம் குறைந்து, இரைச்சல் கூடும். மேலும் இந்த மாட்யூல் சதுரங்கப் பலகையின் கறுப்பு, வெள்ளைக் கட்டங்களைப் போலப் பாதிப் படவணுக்களை ஒரு முறையும் மீதியை மறுமுறையும் படிக்கிறது. முழுப் படத்துக்கு இரு முறை படிக்க வேண்டும். அசையும் பொருளின் விளிம்பில் கட்டம் கட்டமாகக் கறை தோன்றுவது இதனால்தான்.

பல வெப்பக் கேமராக்களின் வேகம் நொடிக்கு 9 படங்களுக்குள் அமைந்திருப்பதற்குத் தொழில்நுட்பம் காரணமன்று. வேகமான வெப்பக் கேமராக்கள் இராணுவப் பயன்பாடும் உடையவை என்பதால், வாசெனார் உடன்பாட்டின் வழி அவற்றின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்படுகிறது. 9 ஹெர்ட்ஸுக்கு உட்பட்டவற்றுக்கு விதி தளர்வானது. லெப்டான் மாட்யூல் நொடிக்கு 9 படங்களுக்குச் சற்றுக் குறைவாகத் தருவது இந்த வரம்பையொட்டியே.

பிரிதிறன் கூடும்போது இணைக்கும் பலகையின் நினைவகமும் கூட வேண்டும். எம்எல்எக்ஸ்90640 தரும் 768 வெப்பநிலைகளைத் தசம எண்களாகச் சேமிக்க 3072 பைட்டுகள் தேவை. அர்டுயினோ யூனோவின் நினைவகம் 2048 பைட்டுகள்தான் என்பதால் ஒரு முழுப் படம்கூட அதில் அடங்காது. ஏஎம்ஜி8833 மாட்யூலின் 64 எண்கள் எளிதில் அடங்கும். 160×120 படத்துக்கு, படவணுவுக்கு 2 பைட்டு வீதம் 38,400 பைட்டுகள் வேண்டும். இஎஸ்பி32 போன்ற பலகை இதற்கு ஏற்றது. செயல்திட்டத்துக்கு மாட்யூலை வாங்கிய பிறகே இதை அறிந்து மாணவர்கள் தடுமாறுவது உண்டு.

மென்பொருள் பெரிதாக்கல்

8×8 மாட்யூலின் படம் திரையில் வழவழப்பான வண்ணப் படமாகத் தெரிவதைக் காணலாம். இது இடைச்செருகல் என்ற கணித முறையால் வருவது. 240×240 புள்ளிகளாகப் பெரிதாக்கிய படத்திலுள்ள 57,600 மதிப்புகளில் உணரி அளந்தவை 64 மட்டுமே. மற்றவை அவற்றுக்கிடையே கணக்கிட்டு நிரப்பப்பட்டவை. கண்ணுக்கு இது உதவும். ஆனால் உணரி பார்க்காத திருகை இது காட்டாது. சராசரியில் அமுங்கிய வெப்பநிலையையும் மீட்டுத் தராது.

சில கருவிகள் வெப்பக் கேமராவோடு ஒரு சாதாரணக் கேமராவையும் வைத்து, அதிலிருந்து பொருள்களின் விளிம்புக் கோடுகளை எடுத்து வெப்பப் படத்தின் மேல் வரைகின்றன. எந்தப் பாகம் சூடாக இருக்கிறது என்று அறிய இது பெரிதும் உதவுகிறது. கோடுகள் கூர்மையாக இருப்பதால் வெப்ப அளவும் அதே கூர்மையோடு எடுக்கப்பட்டது என்று எண்ணிவிடக் கூடாது. கைநடுக்கத்தால் சிறிதே இடம்மாறிய பல படங்களை இணைத்து விவரம் கூட்டும் முறைகள் உண்மையாகவே ஓரளவு புதிய தகவலைச் சேர்க்கின்றன. எனினும் வில்லையின் விளிம்பு விளைவு எல்லையை அவற்றாலும் முழுதாகக் கடக்க முடியாது.

விளம்பரங்களில் பெரிய எண் ஒன்று தரப்பட்டிருந்தால், அது உணரியின் பிரிதிறனா, திரையின் பிரிதிறனா என்று பார்ப்பது இன்றியமையாதது.

பயன்பாட்டுக்கேற்ற தேர்வு

அறையில் ஆள் இருப்பதை அறிதல், வாயிலைக் கடப்போரை எண்ணுதல் ஆகியவற்றுக்கு 8×8 அல்லது 32×24 போதும். இங்கே குறைந்த பிரிதிறன் ஒரு நன்மையும்கூட. முகத்தை அடையாளம் காண முடியாததால், முதியோர் தங்கும் அறை, கழிவறைப் பகுதி போன்ற இடங்களில் தனிமைக்கு ஊறு நேராமல் இவற்றைப் பொருத்தலாம்.

சுவரில் ஈரக்கசிவு, குளிர்சாதன அறையின் கதவிடுக்குக் கசிவு போன்றவை பரந்த பகுதியில் தோன்றும் மெல்லிய வேறுபாடுகள். இவற்றுக்குப் படவணு எண்ணிக்கையைவிட வெப்ப உணர்திறன் முக்கியம். 80×60 அல்லது 160×120 மைக்ரோபோலோமீட்டர் மாட்யூல் பொருத்தமானது.

மின் பலகைகளுக்கு 160×120 குறைந்தபட்சத் தேவை எனக் கொள்ளலாம். 256×192 இன்னும் நல்லது. பலகையின் முன்னுள்ள அக்ரிலிக் மூடி அகச்சிவப்பைத் தடுக்கும் என்பதால் அதன் வழியே பார்ப்பதில் பயனில்லை. மூடியைத் திறப்பது தகுதி பெற்ற மின்பணியாளரின் வேலை. சுமை இருக்கும் நேரத்தில் பார்ப்பதும், ஒரே சுமையுள்ள பக்கத்து இணைப்புகளோடு ஒப்பிடுவதும் எண்ணை மட்டும் நம்புவதைவிடப் பயன் தரும்.

மின்னணுச் சுற்றுப் பலகையில் குறுக்குச்சுற்றைத் தேட, 1 மில்லிமீட்டருக்கும் சிறிய பாகங்களைப் பார்க்க வேண்டும். படவணு எண்ணிக்கை கூடியிருந்தாலும் வில்லை அருகில் குவியாவிட்டால் படம் மங்கும். இதற்கு அண்மைக் காட்சிக்கான கூடுதல் வில்லை தேவை. கார்பன் டைஆக்சைடு லேசர் வெட்டும் கருவிகளில் பயன்படும் துத்தநாக செலினைடு வில்லையை ஆர்வலர்கள் இதற்குப் பயன்படுத்துகின்றனர்.

காய்ச்சலைக் கண்டறிய இத்தகைய விலை குறைந்த மாட்யூல்கள் ஏற்றவையல்ல. இதற்கான பன்னாட்டுத் தரநிலை குறைந்தது 320×240 பிரிதிறனை எதிர்பார்க்கிறது. ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும், கண்ணின் உள்மூலையில் அளக்க வேண்டும். அந்த இடம் சில மில்லிமீட்டர் அளவே உள்ளது. 32×24 மாட்யூலில் முழு முகமே சில படவணுக்களில் அடங்கிவிடும். தெர்மோபைல் மாட்யூல்களின் துல்லியம் 1 டிகிரி முதல் 2.5 டிகிரி வரை முன்பின் இருக்க, சாதாரண உடல் வெப்பநிலைக்கும் காய்ச்சலுக்கும் உள்ள இடைவெளியே 1 டிகிரி அளவுதான்.

பிரிதிறனால் தீராத பிழைகள்

எவ்வளவு உயர்ந்த பிரிதிறனும் உமிழ்திறன் பிழையைச் சரிசெய்யாது. மனிதத் தோல், நீர், மரம், வண்ணம் பூசிய சுவர் போன்றவை கதிரை நன்கு வெளியிடும். மெருகேற்றிய செம்பும் அலுமினியமும் மிகக் குறைவாகவே வெளியிட்டு, சுற்றுப்புறத்தைக் கண்ணாடிபோலப் பிரதிபலிக்கும். கொதிக்கும் நீருள்ள எவர்சில்வர் பாத்திரம் வெப்பக் கேமராவில் குளிர்ந்ததாகத் தெரிவது இதனால்தான். அதன் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டினால் டேப் ஒட்டிய இடம் மட்டும் உண்மையான வெப்பநிலையைக் காட்டும். சூடான பாத்திரத்தில் ஒட்டும்போது கை சுடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; நீர் ஊற்றும் முன்பே ஒட்டுவது எளிது.

எளிய சோதனை

ஒரு மாட்யூல் எவ்வளவு தொலைவு வரை சரியாக அளக்கும் என்பதை வீட்டிலேயே சோதித்தறியலாம். எவர்சில்வர் பாத்திரத்தின் ஒரு பக்கத்தில் கறுப்பு டேப்பை வரிசையாக ஒட்டி, வெந்நீர் நிரப்ப வேண்டும். தடித்த அட்டையில் 3 சென்டிமீட்டர் சதுரத் துளை வெட்டி, பாத்திரத்தைத் தொடாமல் அதன் முன்னே நிறுத்த வேண்டும். மாட்யூலைத் துளைக்கு மிக அருகில் வைத்து டேப்பின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, படிப்படியாகப் பின்னோக்கி நகர்த்த வேண்டும். நீர் ஆறுவதால் ஏற்படும் இறக்கத்தைப் பிரித்தறிய, இடையிடையே அருகில் வந்து மீண்டும் அளந்துகொள்ளலாம். துளையில் தெரியும் எண் எந்தத் தொலைவில் சரியத் தொடங்குகிறதோ, அதுவே 3 சென்டிமீட்டர் பொருளை அந்த மாட்யூல் நம்பத்தக்க வகையில் அளக்கும் எல்லை. 3×3 விதிப்படி குறுகிய கோண எம்எல்எக்ஸ்90640 மாட்யூலுக்கு இது ஏறத்தாழ 33 சென்டிமீட்டர், லெப்டான் 3.5 மாட்யூலுக்கு ஏறத்தாழ 1.6 மீட்டர். எல்லையைத் தாண்டிய பின்னும் துளை திரையில் தெளிவாகவே தெரியும். எண் மட்டும் தவறாக இருக்கும். தெரிவதும் அளக்கப்படுவதும் வெவ்வேறு என்பதை இச்சோதனை நேரடியாகக் காட்டுகிறது.

வாங்கும் முன் விடை காண வேண்டிய கேள்விகள் மூன்று. பார்க்க வேண்டியவற்றுள் மிகச் சிறியது எவ்வளவு பெரியது? அதை எவ்வளவு தொலைவிலிருந்து பார்க்க நேரும்? சூடான இடம் எங்கே என்று தெரிந்தால் போதுமா, எத்தனை டிகிரி என்ற எண்ணும் வேண்டுமா? எண் வேண்டுமென்றால், அந்தச் சிறிய பொருளின் அகலத்தை மூன்றால் வகுத்து, அதைத் தொலைவால் வகுக்க வேண்டும். 3 சென்டிமீட்டர் பொருளை 1 மீட்டர் தொலைவிலிருந்து அளக்க, 1 மீட்டரில் 1 சென்டிமீட்டர் அகலமுள்ள படவணு வேண்டும் என்று கணக்கு வரும். மேலே தரப்பட்ட பட்டியலில் அந்த அளவோ அதற்கும் குறைவோ உள்ள மாட்யூல் எதுவோ, அதுவே அந்த வேலைக்கு உரியது. அதைவிட விலை குறைந்தது ஆள் இருப்பதைக் கண்டறியப் பயன்படலாம். ஓர் இணைப்பு பாதுகாப்பாக இருக்கிறது என்று சான்று கூற அதன் எண்ணைப் பயன்படுத்தக் கூடாது.